எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டலாமா?

ஐயா, பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறேன். என்னுடையது பத்து வருஷப் பழைய பெட்ரோல் கார், எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் எஞ்சின் முழுக்கத் தூசியும் பிசுக்கும் அப்பிக் கிடக்கிறது. ஆயுத பூஜைக்குள் வீட்டு வாசலிலேயே கழுவிவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு பிரஷர் வாஷர் வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "மழையில ஓடுற வண்டிதானே, தாராளமா அடிங்க" என்கிறார். மச்சான், "எஞ்சினில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது" என்று பயமுறுத்துகிறார். மாமனார் ஒரு காலத்தில் லாரி வைத்திருந்தவர். டீசல் அடித்துத் துடைத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், அல்சூர்

மூன்று பேரில் மச்சானுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அவர் சொல்கிற அளவுக்குப் பயப்படவும் வேண்டாம். எஞ்சினைத் தாராளமாகச் சுத்தம் செய்யலாம், வீட்டிலேயே செய்யலாம். ஈரத் துணியும் பிரஷ்ஷும்தான் வேலையில் முக்கால்வாசியைச் செய்ய வேண்டும். தண்ணீர் கடைசியில், கொஞ்சமாக, செடிக்குத் தெளிக்கிற பாட்டிலில் இருந்து வந்தால் போதும். நீங்கள் வாங்கிய பிரஷர் வாஷர் பானெட்டுக்குள் வரவே கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மழையில் ஓடும்போது எஞ்சின் நனையத்தான் செய்கிறது. ஆனால் எப்படி நனைகிறது என்று பாருங்கள். மேலே பானெட் மூடியிருக்கிறது. தண்ணீர் கீழிருந்தும் முன்பக்க கிரில் வழியாகவும் சிதறலாகத்தான் வரும். ஒயர்கள் சேருகிற கப்ளர்களுக்குள் சின்ன ரப்பர் வளையம் வைத்திருப்பது அந்தச் சிதறலைத் தாங்கத்தான். பத்து வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். எப்போதோ சர்வீஸில் கழற்றியபோது ஒன்றிரண்டு கப்ளரின் பூட்டு ஒடிந்தும் இருக்கும். வீட்டு உபயோகப் பிரஷர் வாஷர்கள் பெரும்பாலும் நூறு பார் அழுத்தத்தில், அதற்கு மேலும் அடிக்கும். அதாவது சுமார் 1,500 பி.எஸ்.ஐ. உங்கள் டயரில் இருப்பது முப்பது சொச்சம்தான். அந்த வேகத்தில் கிட்டத்திலிருந்து அடித்தால் நல்ல ரப்பரே தாங்காது. ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளும் மடங்கிப் படுத்துவிடும்.

மாமனார் விஷயத்துக்கு வருவோம். அவர் காலத்து லாரியில் பம்பு, நாசில் எல்லாம் மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டீசல் அடித்தால் கிரீஸ் கரையும், இரும்பில் கொஞ்சம் பளபளப்பும் வரும், லாரி பாட்டுக்குக் கிளம்பிப் போகும். உங்கள் வண்டியில் பார்க்கிற இடமெல்லாம் ரப்பர் ஹோஸும் பிளாஸ்டிக்கும் ஒயரும்தான். டீசலும் மண்ணெண்ணெயும் ரப்பரை ஊறவைத்துத் தளர்த்திவிடும். துடைத்த பிறகும் மெல்லிய படலம் நிற்கும்; அதில் நம்ம ஊர் மெட்ரோ வேலைத் தூசி பத்தே நாளில் முன்னைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது நேரடியாகத் தீ. மாமனாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், நீங்கள் சொன்னதாக வேண்டாம்.

பெங்களூரில் இருப்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் கழுத்தைப் பிடித்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது நினைவிருக்கும். 2025 பிப்ரவரியில் மறுபடியும் அதே உத்தரவு வந்தது. வாசலில் பைப்பைப் போட்டுக் காவிரித் தண்ணீரை அடிப்பதற்கு முன் அப்போதைய நிலவரம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் இருக்கிறதே என்றால், அதில் உப்பு அதிகம். காய்ந்ததும் கறுப்புப் பிளாஸ்டிக் மேலெல்லாம் வெள்ளைத் திட்டு நிற்கும், கப்ளருக்குள் போனால் அங்கே இருக்கிற உலோகப் பின்களில் பச்சை பூக்கும். நான் சொல்லப்போகிற முறைக்கு அரை பக்கெட் தண்ணீரே மிச்சம்.

சரி, எதற்காகக் கழுவுகிறோம்? எஞ்சின் பளிச்சென்று இருப்பதால் மைலேஜ் கூடாது, பிக்கப் கூடாது. எஞ்சின் சூட்டைத் தணிப்பது உள்ளே ஓடுகிற கூலண்ட். வெளியே படிந்த லேசான தூசியால் அதற்கு ஒன்றும் குறையாது. சுத்தம் செய்வதன் லாபம் ஒன்றே ஒன்று: எங்கே என்ன கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நீங்கள் "பிசுக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் முக்கியமான வார்த்தை அதுதான். வெறும் தூசி ஊதினால் பறக்கும். பிசுக்காக ஒட்டியிருக்கிறது என்றால் எங்கிருந்தோ எண்ணெய் வந்துகொண்டிருக்கிறது.

அதனால் துணியைக் கையில் எடுப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள், மொபைலில் நாலைந்து போட்டோ எடுங்கள். கழுவிய பிறகு இந்தத் தடயம் கிடைக்காது. எண்ணெய் கீழ்நோக்கித்தான் இறங்கும், ஓடும்போது காற்றில் பின்பக்கமும் போகும். ஆகவே பிசுக்கு எங்கே அதிகம் என்று பார்ப்பதைவிட, அது எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஆயில் ஊற்றுகிற மூடியைச் சுற்றி மட்டும் இருந்தால், கடைசி சர்வீஸில் சிந்தியதாக இருக்கலாம், அல்லது மூடியின் ரப்பர் போயிருக்கலாம், சின்ன விஷயம். எஞ்சினின் தலையில் மூடி மாதிரி இருக்கிற டாப் கவரின் விளிம்பிலிருந்து கோடு கோடாக இறங்கியிருந்தால், போயிருப்பது டாப் கவர் பேக்கிங், அதாவது கவருக்கு அடியில் கசிவை அடைக்கிற ரப்பர். பத்து வருஷ வண்டியில் இது ரொம்ப சகஜம். கீழே ஆயில் ஃபில்டரைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால், ஃபில்டர் சரியாக டைட் ஆகவில்லை. ரேடியேட்டர் ஹோஸ் முனைகளில் பச்சையாகவோ ரோஸாகவோ உப்புப் பூத்த மாதிரி காய்ந்திருந்தால் அது கூலண்ட். அதை எண்ணெயைவிட அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி முனையில் வெள்ளையோ நீலப்பச்சையோ பொடி இருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் போய்விடும். பேட்டரி மூடிக்குள் அந்தத் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிறபோதே கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் கிளம்புகிற இடத்தில் இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். எஞ்சினைத் தேய்க்கிறவர்கள் அதிகம் மறப்பது இந்த இடத்தைத்தான். நம்ம ஊரில் மரத்தடியில் நிற்காத வண்டி உண்டா? புங்க இலையும் மே ஃபிளவர் இதழும் வந்து சேர்ந்து, மட்கி, தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்துவிடும். ஐப்பசி மழை அடித்தால் அங்கே தேங்குகிற தண்ணீர் ஏ.சி. காற்று வருகிற வழியாகக் காருக்குள்ளே இறங்கும். கால் மிதியடி ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஆட்கள் மாசக் கணக்கில் குழம்புவார்கள். கையாலேயே அள்ளிப் போடலாம், ஐந்து நிமிஷ வேலை. எஞ்சினைத் துடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மழைக்கு முன் செய்துவிடுங்கள்.

எலிப் புழுக்கை கிடந்தால் ஊதாதீர்கள், காய்ந்தபடியே பெருக்கவும் செய்யாதீர்கள். எலியின் சிறுநீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். ரப்பர் கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஈரமாக எடுத்துப் போடுங்கள். அப்படியே ஒயர்களில் கடி தெரிகிறதா என்றும் பாருங்கள். உறை போய்ச் செம்பு தெரிகிற ஒயர் ஒன்று இருந்தாலும் தண்ணீர் பேச்சே வேண்டாம். முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.

இனி வேலை. வண்டி ஓடி வந்த சூட்டில் தொடாதீர்கள். எஞ்சின் புகையைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோகிற குழாய், அதாவது மேனிஃபோல்டு, பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடலாம். அதில் சொருகியிருக்கிற ஆக்சிஜன் சென்சாருக்குள்ளே இருப்பது பீங்கான், அது இன்னும் சீக்கிரம் போகும். காலையில் எழுந்ததும், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தொடங்குவது உத்தமம். பிசுக்கு இளகக் கொஞ்சம் சூடு வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான். அப்படியானால் இரண்டு மூன்று நிமிஷம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். டாப் கவர் மேல் கையை நிம்மதியாக வைத்திருக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. வெயிலில் வேண்டாம், நிழலில் நிறுத்துங்கள்.

சாவியை எடுத்துவிடுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவையுங்கள். சாவி இல்லாவிட்டாலும் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். கை உள்ளே இருக்கிற நேரத்தில் அது வேண்டாம். மைனஸைக் கழற்றினால் கடிகாரம் அழியும், சில மியூசிக் சிஸ்டம் மறுபடி கோட் கேட்கும். அந்த எண் எங்கே இருக்கிறது என்று முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூட வேண்டியவற்றை மூடுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் முதலில்: பெல்ட் ஓடுகிற பக்கத்தில், உள்ளே செம்புக் கம்பிச் சுருள் தெரிகிற மாதிரி ஓட்டைகளோடு உருண்டையாக இருக்கும். காற்று போவதற்கான அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் போகும். அடுத்து ஃபியூஸ் பாக்ஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்டி, ஏர் ஃபில்டருக்குக் காற்று இழுக்கிற வாய், பேட்டரி. காய்கறிக் கடை பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும் போதும். எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணி, கடைசியில் அத்தனையும் வெளியே வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்று வாயில் பை இருக்கிறபோது ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அதை உள்ளே இழுக்கப் பார்க்கும். ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக், ஆயில் மூடி, பிரேக் ஆயில் மூடி எல்லாம் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

முதலில் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். பிரஷ்ஷின் தகரப் பட்டைமேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் எங்கேயும் உரசாது. பிறகு பிசுக்கை எடுக்கிற, தண்ணீரில் கரைகிற டீகிரீசர் அல்லது ஆல் பர்ப்பஸ் கிளீனர். ஜே.சி. ரோடு கடைகளில் இவை எல்லா அளவிலும் கிடைக்கும். பாட்டிலில் போட்டிருக்கிற கணக்குப்படி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள், பொதுவாக ஒன்றுக்குப் பத்து. எஞ்சின் மேல் நேராகத் தெளிக்காமல் துணியிலும் பிரஷ்ஷிலும் தெளித்துத் தேய்ப்பதே நல்லது. கெட்டியான பிசுக்குள்ள இடத்தில் மட்டும் நேராக அடித்து இரண்டு நிமிஷம் விடுங்கள். அலுமினியத்தின் மேல் காயவிட்டால் கறை விழும். பெல்ட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் வண்டி கிளம்பும்போது கிரீச் என்று கத்தும். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் மாதிரி எதுவும் இல்லை. நூல் பிரியாத துண்டாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், நூல் போய் பெல்ட் புல்லியில் சுற்றிக்கொள்ளும். கடைசியில் சுத்தமான தண்ணீரைப் பனித்துளி மாதிரி லேசாகத் தெளித்து, உடனே துடைத்துவிடுங்கள். தண்ணீர் வழிந்து ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் ஒரு சின்னக் குழி. உங்கள் வண்டி வயசுப் பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மேலே, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் தனித்தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். பிளக் இருப்பது டாப் கவருக்குள்ளே ஆழமான குழியில். மேலே அடிக்கிற தண்ணீர் காயிலின் பழைய ரப்பர் ஓரமாக அந்தக் குழிக்குள் இறங்கினால், வெளியே வர வழி இல்லை. ஸ்டார்ட் செய்ததும், பிளக்கின் நுனியில் பாய வேண்டிய பொறி, ஈரமான பீங்கான் மேலேயே ஓடி எஞ்சின் இரும்பில் இறங்கிவிடும். அந்த சிலிண்டர் வேலை செய்யாது. வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், குலுங்கும். வாட்டர் சர்வீஸுக்கு விட்டு எடுத்த மறுநாள் எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்படுகிற வண்டிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது இந்தக் குழியைத்தான்.

துடைத்து முடித்ததும் பானெட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரமாவது விடுங்கள். பைகளை எடுங்கள், மைனஸை மாட்டுங்கள், ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நிமிஷம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், ஓடவிடுங்கள். பேட்டரி கழற்றியதால் முதல் சில நிமிஷம் ஐடில் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். மிச்சச் சூட்டிலேயே மூலை முடுக்கு ஈரம் காய்ந்துவிடும். அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு போய் வந்தால் இன்னும் நல்லது.

அப்போது செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், ஓரம் கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். அந்த ஒரு சாமானின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். எஞ்சின் ஆறியபின் ஒவ்வொரு காயிலாக, ஒயரின் பூட்டை மெல்ல விடுவித்து, போல்ட்டைக் கழற்றி மேலே இழுத்துக் குழியில் டார்ச் அடியுங்கள். தண்ணீர் இருந்தால் ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி ஒற்றி எடுங்கள். குழி காய்கிற வரை பிளக்கைக் கழற்றாதீர்கள். கழற்றினால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் விழும். குழியில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் நின்றால் அது இன்றைய வேலையால் வந்தது அல்ல. டாப் கவர் பேக்கிங்கோடு சேர்ந்த ரப்பர் சீல் போயிருக்கிறது. உங்கள் பிசுக்குக்கும் விடை அங்கேயே இருக்கலாம்.

துடைத்து முடித்ததும் பளபளப்பு ஸ்பிரே அடிக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: தேவையில்லை. பழைய கார் வாங்கப் போகிற இடத்தில் எஞ்சின் நகைக்கடை மாதிரி மின்னினால் நான் சந்தேகப்படுவேன். கசிவை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

உங்களுடையது வெறும் பெட்ரோல் என்று எழுதியிருப்பதால் இவ்வளவும் சொன்னேன். இதைப் படிக்கிற வேறு யாருடைய வண்டியிலாவது சி.என்.ஜி. கிட் இருந்தாலோ, ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடுகிற ஹைபிரிட், எலெக்ட்ரிக் என்றாலோ, மேலே படிந்த தூசியைக் காய்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரஞ்சுக் கேபிளில் ஓடுவது உயர் வோல்டேஜ், அதைத் தொடவே தொடாதீர்கள். வாரண்டி இருக்கிற வண்டிக்காரர்கள் கூடவே வந்த புத்தகத்தில் எஞ்சின் கழுவுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

எண்ணெய்த் துணியும் அழுக்குத் தண்ணீரும் வாசல் சாக்கடைக்குப் போக வேண்டாம். அல்சூர் பக்கத்துத் தண்ணீர் கடைசியில் பெல்லந்தூர் ஏரிக்குத்தான் போகிறது. அந்த ஏரி நுரைத்ததையும், 2015-லும் 2017-லும் தீப்பிடித்ததையும் ஊரே பார்த்தது. வண்டிக்குக் கீழே பழைய அட்டையும் செய்தித்தாளும் விரித்து, சொட்டுவதை அதிலேயே வாங்குங்கள்.

பிரஷர் வாஷர் வீண் இல்லை. டயருக்கு மேலே இருக்கிற வளைவில் மண் அப்பியிருக்குமே, அதற்கு அது அருமையாக வேலை செய்யும். தண்ணீர் உத்தரவு இல்லாத காலமாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

பூஜைக்கு முந்தின நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம், பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். ஏதாவது மிஸ்ஸிங் வந்தால் ஆயுத பூஜை அன்று எந்தப் பட்டறையிலும் ஸ்பேனரைத் தொட மாட்டோம். எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் இருக்கும். அது மட்டுமில்லை, அந்தப் பத்து நாள் ஓட்டத்தில் சுத்தமான எஞ்சினில் புதிதாக எங்கே ஈரம் கோடு போடுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவையும் பாருங்கள். டாப் கவர் விளிம்பிலிருந்து இறங்கினால் பேக்கிங் மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான சின்னப் பெட்ரோல் கார்களில் அது அரை நாள் வேலை. கீழே, கியர் பாக்ஸும் எஞ்சினும் சேருகிற இடத்தில் சொட்டினால் மட்டும் தள்ளிப் போடாமல் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுங்கள்.